எண்ணெய் போட்ட கணுக்கால்

மரக்காணத்தில் எங்கள் தெருவில் புதிதாக ஓர் இரும்புச் சாமான் வீட்டுக்குள் வந்தால் அதை யாரும் அப்படியே எடுத்துப் புழங்க மாட்டோம். முதலில் எண்ணெய். கதவுக் கீல், சைக்கிள், தையல் மெஷின், பீரோவின் கால் என்று எதற்கும் விலக்கில்லை. எங்கள் வீட்டு எண்ணெய், தேங்காய் எண்ணெயும் பம்புசெட் டீசலும் சரிபாதியாகக் கலந்தது. ஒரு பழைய ஊறுகாய் பாட்டிலில் ஊற்றி, துணி சுற்றிய குச்சியோடு சமையலறை ஜன்னலில் வைத்திருப்பேன். காற்றில் உப்பு இருக்கிற ஊர். காலையில் துடைத்த ஜன்னல் கண்ணாடியில் சாயங்காலம் விரலை வைத்து நாக்கில் தொட்டால் கரிக்கும். எண்ணெய் போடாத ஆணி இரண்டு மழைக்குக்கூடத் தாங்காது.

நான் வேதியியல் படித்தவள். உப்பு பாக்கெட் போடும் கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கிற வேலை செய்கிறேன். வருகிற உப்பில் ஈரம் எவ்வளவு, மண் எவ்வளவு, அயோடின் சரியாகக் கலந்திருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவேன். என் கணவர் உப்பளத்தில் சில பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறார். எங்களுக்கு ஒரே மகள். பாண்டியில் ஓர் அலுவலகத்தில் வேலை.

இரண்டு வருடங்களுக்கு முன்னால், ஒரு வேலைநாள் காலையில், உப்பின் மேல் சோதனை மருந்தைச் சொட்டிவிட்டு நிறம் மாறுகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. மகளின் எண். பேசியது யாரோ ஓர் ஆண். “இதுல அம்மான்னு போட்டிருந்துச்சிங்க, அதான் அடிச்சேன்” என்றார். ஈசிஆரில் ஒரு வேன் அவளுடைய ஸ்கூட்டரை இடித்துவிட்டது. மூன்று நாள் கழித்து நான் வேலைக்குத் திரும்பியபோது, நான் பாதியில் விட்ட அந்த உப்பு தட்டில் அப்படியே காய்ந்து கிடந்தது. யாரும் அதை எடுத்துக் கொட்டவில்லை.

அவளுடைய இடது முழங்காலுக்குக் கீழே எலும்புக்குள் நீளமாக ஒரு கம்பி வைத்தார்கள். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். வெள்ளையாக, நேராக, திருகுகளோடு அது தெரிந்தது. “நாங்க உப்பளத்துப் பக்கம் டாக்டர். இது துரு பிடிக்காதுங்களா?” என்று கேட்டுவிட்டேன். பக்கத்தில் நின்ற நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டார். டாக்டர் சிரிக்கவில்லை. அது டைட்டானியம், துரு பிடிக்காது, ஆயுசுக்கும் உள்ளேயே இருந்தாலும் ஒன்றும் செய்யாது என்று பொறுமையாகச் சொன்னார். அது எனக்குத் தெரியாததல்ல. பரீட்சையில் எழுதியிருக்கிறேன். ஆனாலும் இரத்தமும் உப்புத் தண்ணீர்தானே என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன். இன்றைக்கும் அவள் எண்ணிலிருந்து போன் வந்தால், அவள் குரல் கேட்கும்வரை நான் ‘ஹலோ’ சொல்வதில்லை. அவள் காலில் இருந்த தழும்பை, தையல் பிரித்த நாளுக்குப் பிறகு நான் நேராகப் பார்த்ததே இல்லை. அவள் அதற்கு மருந்து தடவும்போதெல்லாம் எனக்கு அடுப்பில் ஏதாவது வேலை இருந்தது.

படுக்கையில் கிடந்த மாதங்களில்தான் அவளுக்கு அந்த ஜப்பான் கார்ட்டூன் தொடர் பழக்கமாயிற்று. அதில் வில்லோடு மலை ஏறுகிற ஒரு பெண். அவளை ஒரு முழ உயரத்தில் அச்சு அசலாகச் செய்து விற்கிறார்கள் என்று போனில் காட்டினாள். விலையையும் காட்டினாள். அவளுடைய ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம்.

“இந்தப் பொம்மைக்கா?”

“பொம்மை இல்லம்மா. ஃபிகர்.”

“ஃபிகரோ என்னமோ. ஒத்தக் கால்ல நிக்குதே. எத்தனை நாளு நிக்கும்?”

அந்தக் கேள்வி அவளுக்கும் இருந்தது. அதற்காகவே அவள் மூன்று மாதம் யோசித்தாள். இந்தச் சாமான்களை வாங்குகிறவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் குழு ஒன்று இருக்கிறது. அதில் எழுதப்படும் புலம்பல்களைச் சாப்பிடும்போது எனக்குப் படித்துக் காட்டுவாள். ஒருவர் வாங்கிய வீரன் ஒரே கோடையில் முன்பக்கம் சாய்ந்து, கடைசியில் கும்பிடு போடுவது மாதிரி ஆகிவிட்டானாம். ஒரு பெண்மணி வாங்கிய தேவதையின் வெள்ளை இறக்கை வெயில் பட்டுப் பழைய பல் மாதிரி மஞ்சளாகிவிட்டதாம். பெட்டிக்குள்ளேயே மூடி வைத்திருந்ததால் பிசுபிசுவென்று ஒட்டுகிற பொம்மைகள், கண் ஒன்று மேலும் ஒன்று கீழுமாக வரைந்து வந்தவை, அசல் விலை கொடுத்து வாங்கிய போலிகள் என்று தினம் ஒரு கதை வரும். பிசுபிசுப்பு எதனால் என்று நான்தான் அவளுக்கு விளக்கினேன். பிளாஸ்டிக்கை வளைந்து கொடுக்க வைப்பதற்காக அதில் ஓர் எண்ணெய்ப் பொருள் சேர்ப்பார்கள், காற்றோட்டம் இல்லாவிட்டால் அது கசிந்து மேலே வரும் என்றேன். அவள் கண்ணை விரித்து, “எங்கம்மா சயின்டிஸ்ட்டு” என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. ஒருநாள் இதை நினைத்து வெட்கப்படுவேன் என்று அப்போது தெரியாது.

சென்னையில் வீட்டிலிருந்தபடியே இவற்றை வரவழைத்து விற்கும் ஒரு பெண்ணிடம் சொல்லிவைத்தாள். பெட்டி டிசம்பர் மழை ஓய்ந்த வாரத்தில் வந்தது. கூரியர்காரர் எங்கள் தெருவுக்குள் வர மாட்டார். மெயின் ரோட்டில் நின்று கூப்பிடுவார். மகள் பெட்டியைக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்தாள். பிரிக்கும்போது முதலிலிருந்து கடைசிவரை வீடியோ எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் குறை சொன்னால் ஏற்க மாட்டார்கள் என்று போனை என் கையில் கொடுத்தாள். நான் போனைச் சாய்த்துப் பிடித்ததில் முதல் பாதி முழுக்க எங்கள் மேசை விரிப்புதான் பதிவாகியிருக்கிறது.

பிரித்ததும், கம்பெனியிலிருந்து நான் கொண்டுவந்திருந்த லென்ஸை வைத்து இருவரும் பார்த்தோம். ஒரு லாரி உப்பைத் தேறுமா தேறாதா என்று பார்ப்பதைவிடக் கவனமாகப் பார்த்தேன் என்றே சொல்லலாம். முகத்தில் வர்ணம் சுத்தமாக இருந்தது. அச்சில் வார்த்த இரண்டு பாதிகளை ஒட்டிய கோடு பின்னலுக்குள் மறைந்திருந்தது. கழுத்துப் பட்டியில் மட்டும் கடுகளவு சிவப்பு கசிந்திருந்தது. இதைக் குறையாக எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். கையால் வர்ணம் பூசியது, அவ்வளவு இருக்கும், பரவாயில்லை என்றாள். பாறை மாதிரிச் செய்த பீடத்திலிருந்து ஒரு மெல்லிய கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. வில்லாளியின் உள்ளங்காலில் உள்ள துளை வழியாக அந்தக் கம்பி கணுக்கால்வரை ஏறிப் பொருந்தியது. மொத்தப் பாரமும் அதன்மேல்தான். மற்ற கால் காற்றில்.

“இது வெறும் இரும்புடி. முலாம்கூட இல்ல” என்றேன்.

“அதெல்லாம் ஒண்ணும் ஆவாது. நீ தொடாத, அவ்ளோதான்.”

வெயில் படாத பக்கமாக அலமாரியில் வைத்தாள். கண்ணாடிப் பெட்டி ஒன்றுக்கும் சொல்லியிருந்தாள். அது வர ஒரு மாதம் ஆகும் என்றார்கள். அன்றைக்கு அவள் அதன் முன்னால் நின்ற நிற்பு எனக்கு மறக்காது. விபத்துக்குப் பிறகு அவள் எப்போதும் வலது காலில்தான் பாரத்தைப் போட்டு நிற்பாள். அன்று இரண்டு காலும் சமமாக ஊன்றி, கை கட்டி, வெகுநேரம் நின்றாள்.

ஒரு வாரம் போயிற்று. செவ்வாய்க்கிழமை எனக்கு விடுப்பு. ஈரக் கடல்காற்று விடாமல் அடித்தது. துவைத்த துணி மதியம்வரை காயவில்லை. வீடு துடைத்துக்கொண்டே அலமாரிக்கு வந்தேன். உள்ளங்காலுக்கும் பாறைக்கும் இடையே லேசாகச் செம்மை தெரிந்தது. வில்லாளியை மெதுவாகப் பிடித்து மேலே இழுத்தேன். கம்பியின் அடியில் மிளகு அளவுக்குத் துரு பூத்திருந்தது. அதற்குப் பிறகு நான் யோசிக்கவே இல்லை. சமையலறை ஜன்னலுக்குப் போனேன், பாட்டிலை எடுத்தேன். துருவைத் தேய்த்து எடுத்து, கம்பி முழுக்க எண்ணெய் பூசினேன். பிறகு துளைக்குள்ளும் இரண்டு சொட்டு விட்டேன். கணுக்காலில் வழிந்ததைத் துடைத்தேன். பழையபடி நிற்க வைத்தபோது மனதுக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. மறைப்பதற்காக இல்லை, தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போட்டதை யார் யாரிடம் சொல்வார்கள்?

மூன்றாவது வாரம், வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள் அறையிலிருந்து கூப்பிட்டாள். சத்தமாகக்கூட இல்லை. போய்ப் பார்த்தேன். வில்லாளி பக்கவாட்டில் சாய்ந்து, வில்லின் நுனி சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தது. கணுக்காலைச் சுற்றி ஒரு கீறல். கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். “உனக்கு இன்னாம்மா ஆச்சி, எனக்குத்தான அழுவை வரணும்” என்றாள்.

அன்று சாயங்காலம் சென்னைப் பெண்ணுக்குப் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். அந்தப் பெண் வருத்தப்பட்டாள். இந்த மாடலில் இதுவரை யாரும் புகார் சொல்லவில்லை என்றாள். வெயிலில் வைத்தீர்களா, ஸ்பிரிட் மாதிரி எதையாவது போட்டுத் துடைத்தீர்களா என்று கேட்டாள். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை அது. ஆனால் என் மகளுக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும்.

“எங்க வீட்ல யாரும் அத தொட மாட்டாங்க. எங்கம்மா லேப்ல வேலை செய்றவங்க. அவங்களுக்குத் தெரியாதா?”

அந்தப் பெண் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. சரி, அனுப்பி வையுங்கள், மாற்றித் தருகிறேன், தயாரித்தவர்கள் அதற்கு ஈடு எனக்குத் தருவார்களா தெரியாது, அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள்.

போனை வைத்ததும் மகள் பொம்மையை என்னிடம் நீட்டினாள். “நீ பாரு. எப்படி ஒடைஞ்சிருக்குன்னு நீ சொன்னா அப்படியே குரூப்ல எழுதிடறேன். இவங்ககிட்ட வேற யாரும் ஏமாறக் கூடாது.”

லென்ஸை வைத்துப் பார்த்தேன். உடைந்த இடம் ஒரே கீறலாக இல்லை. துளையிலிருந்து வெளிப்புறமாக, வறண்ட சேற்றில் விழுவது மாதிரி மயிரிழை வெடிப்புகள். இப்படிப்பட்ட வெடிப்பை நான் முன்பே பார்த்திருக்கிறேன். எங்கள் லேபில் தராசின் மேல் இருக்கும் கெட்டிப் பிளாஸ்டிக் மூடியை ஒரு தடவை யாரோ எண்ணெய்க் கையோடு பிடித்து இறுக்கித் திருகிவிட்டார்கள். பத்து நாளில் அதில் இதே வெடிப்பு. பாரம் தாங்கிக்கொண்டிருக்கிற பிளாஸ்டிக்கில் எண்ணெய் இறங்கினால் இப்படித்தான் ஆகும். மூக்கின் அருகே கொண்டுபோனேன். தேங்காய் எண்ணெயோடு கலந்த டீசல் வாசனை. அந்த வாசனை எங்கள் வீடு முழுக்க எப்போதும் இருப்பதால் அவளுக்கு வித்தியாசமாகத் தெரியவில்லை.

“ஞாயித்துக்கெழமை நிதானமா பாத்துச் சொல்றேன்” என்றேன்.

மறுநாள் உப்பளத்துக்குக் கணவருக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். மழைக்காலம் முடிந்து பாத்திகளைச் சீராக்கி, சேற்றை மிதித்துக் கெட்டிப்படுத்தும் நாள். வரப்பில் உட்கார்ந்து அவரிடம் சொன்னேன். கையில் சோற்று உருண்டையோடு என்னையே பார்த்தார்.

“எண்ணெய் டப்பா கையில கெடச்சா போதும் ஒனக்கு. ஒருநாள் என் முட்டிக்கும் போடப் போற.”

சிரிக்க முடியவில்லை. பிறகு அவர், அந்தப் பெண்தான் மாற்றித் தருகிறேன் என்றுவிட்டாளே, வாயை மூடிக்கொண்டு இரு, பிள்ளை இப்போதுதான் கொஞ்சம் சிரிக்கிறாள் என்றார். சொன்னவர் அடுத்த வாய் சாப்பிடாமல் வேறு எங்கோ பார்த்தார். அவருக்கு என்ன ஞாபகம் வந்தது என்று எனக்குத் தெரியும். எனக்கும் அதுதான் வந்தது.

சில வருடங்களுக்கு முன்னால் நான் பார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பிய ஒரு லோடு உப்பு, ஈரமாக இருக்கிறது என்று திரும்பி வந்தது. வாங்கியவர் திறந்த வெளியில் வைத்திருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. அதை அவர் சொல்லவில்லை. என் கையெழுத்தை எடுத்துக் காட்டி, இவள் பார்க்காமலே போட்டிருக்கிறாள் என்றார். விசாரித்த மூன்று வாரமும் என் மேசையில் என்னை உட்கார விடவில்லை. மூட்டை எண்ணுகிற இடத்தில் நிற்க வைத்தார்கள். நான் சரியாகத்தான் பார்த்தேன் என்று எத்தனை பேரிடம் சொன்னேன்! மூட்டைகளின் அடியில் மழைச் சேறு ஒட்டியிருப்பதை லாரி டிரைவர்தான் கடைசியில் காட்டிக்கொடுத்தார்.

“அந்தப் பொண்ணுக்கு டிரைவர் யாரும் கெடையாது” என்றேன்.

கணவர் தண்ணீர்ச் செம்பை என்னிடம் நீட்டினார்.

ஆனாலும் இரண்டு நாள் தள்ளினேன். எனக்குப் பயம் அந்தப் பொம்மையைப் பற்றி இல்லை. ‘அவங்களுக்குத் தெரியாதா’ என்று அவள் சொன்னாளே, அந்த நம்பிக்கை. ஆஸ்பத்திரியில் நான் சொன்னால்தான் ஊசி போட்டுக்கொள்வாள். நடை பழகும்போது என் தோளைத்தான் பிடிப்பாள். அதை என் கையாலேயே உடைக்கப் போகிறேன் என்றிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் பொம்மையைத் திருப்பி அனுப்பப் பழைய பெட்டியில் வைத்து, பஞ்சு சுற்றிக்கொண்டிருந்தாள். குழுவில் போட வேண்டியதைப் போனில் எழுதி வைத்திருந்தாள். நான் ஊறுகாய் பாட்டிலைக் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தேன். வேறு விதமாக ஆரம்பிக்க எனக்குத் தெரியவில்லை.

“இத போட்டேன்டி. கம்பிக்கு. துளைக்குள்ளயும் விட்டேன். அதுலதான் வெடிச்சிருக்குது.”

அவள் பாட்டிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். சுற்றிய பஞ்சை மெதுவாகப் பிரித்தாள்.

“தொடாதன்னு சொன்னேன்ல?”

“சொன்ன.”

“பின்ன ஏம்மா?”

“துரு பிடிச்சிருந்துச்சி. கால்ல கம்பி துரு பிடிச்சா…”

வெளியே கணவர் சைக்கிளைத் துடைக்கும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள்: “என் காலுக்குள்ள எண்ணெய் விட முடியலன்னு இவளுக்கு வுட்டியா?”

கிண்டலாகத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது அது கிண்டலாக இல்லை. அவள் கேட்ட பிறகுதான் எனக்கே அது தெரிந்தது. அவள் எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விட்டாள். அரை மணி நேரம் உள்ளே வரவில்லை. வந்தவள் போனை எடுத்து, எழுதி வைத்திருந்ததை அழித்தாள். சென்னைப் பெண்ணைக் கூப்பிட்டாள். தவறு எங்களுடையது, வீட்டில் எண்ணெய் போட்டுவிட்டோம், மாற்றித் தர வேண்டாம், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றாள். ‘அம்மா’ என்று சொல்லவில்லை. ‘நாங்க’ என்றே சொன்னாள்.

அந்தப் பக்கம் பெரிய மூச்சு ஒன்று கேட்டது. தயாரித்தவர்களுக்கு என்ன எழுதுவது என்று மூன்று நாளாகத் தூக்கமில்லை என்றாள் அந்தப் பெண். பிறகு அவளே தைரியம் சொன்னாள். ஒருவர் பொம்மையைப் பூஜை விளக்குக்குப் பக்கத்தில் வைத்து மூக்கு உருகியதாம். இன்னொருவர் நகப்பாலிஷ் அழிக்கிற திரவத்தால் முகத்தைத் துடைத்தாராம். எண்ணெயை முழுக்கத் துடைத்தெடுத்து, சோப்புத் தண்ணீரால் கழுவிக் காயவிடுங்கள் என்றாள். பழைய கம்பியை எடுத்துவிட்டுப் பித்தளைக் கம்பி போடுங்கள், வெடிப்பில் இரண்டு குழாயில் வரும் பசையைக் கலந்து வையுங்கள், இடுப்புக்குக் கீழே முட்டுக்கொடுக்க ஒரு கண்ணாடிக் குச்சி அனுப்புகிறேன் என்றாள். பித்தளைக் கம்பியை என் கணவர் பழைய மோட்டார் ஒன்றிலிருந்து எடுத்து அளவாக அறுத்துக் கொடுத்தார். பசை வைக்கும்போது மகள் பிடித்துக்கொண்டாள். நான் லென்ஸைப் பிடித்தேன்.

இப்போது வில்லாளி நிற்கிறாள். கண்ணாடிப் பெட்டிக்குள், குச்சியின் முட்டோடு. லேசான சாய்வு இருக்கத்தான் செய்கிறது. கணுக்காலில் பசை வைத்த இடம் மங்கலாகத் தெரியும். இனி விற்றால் யாரும் வாங்க மாட்டார்களாம். விற்கப் போவதில்லை என்றாள்.

முதல் இரண்டு வாரம் அவள் என்னோடு அளவாகத்தான் பேசினாள். அது எனக்கு வலித்தது; ஆனால் நியாயம். மூன்றாவது ஞாயிறு காலை, முகத்துக்குப் பவுடர் போடுகிற மெல்லிய பிரஷ் ஒன்றைப் புதிதாக வாங்கி வந்து என்னிடம் நீட்டினாள். வாரத்துக்கு ஒரு தடவை தூசி தட்ட வேண்டும், அது இனிமேல் என் வேலை என்றாள். “காஞ்ச பிரஷ்ஷு மட்டும். வேற எதனாச்சும் கொண்டாந்த, அவ்ளோதான்.”

நான் பெட்டியைத் திறந்து, தலையிலிருந்து ஆரம்பித்து, பின்னல், தோள், வில் என்று மெதுவாகத் தட்டிக்கொண்டு வந்தேன். அவள் பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடித்ததும் திரும்பினேன். அவள் இடது காலை நாற்காலியின்மேல் நீட்டி, பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டி வைத்திருந்தாள்.

“இதையும் பாரு. துரு தெரியுதா?”

அடுப்பில் எதுவும் இல்லை. நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். முட்டிக்குக் கீழே ஒரு விரல் நீளத்துக்கு வெளிறிய கோடு, அதற்குக் கீழே திருகு போட்ட இடங்களில் இரண்டு சிறிய வட்டங்கள். நான் நினைத்து வைத்திருந்ததைவிட அது ரொம்பச் சின்னது. பிரஷ் இன்னும் என் கையில் இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு விரலால் தொட்டுப் பார்த்தேன். மற்ற இடம் மாதிரியே சூடாக இருந்தது.

“கூசுது” என்று காலை இழுத்துக்கொண்டாள்.